எழுத்துக்கும் ஓர் அவை உண்டு

திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல், 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசுவதற்கும் கேட்பதற்கும் இருபது குறள் ஒதுக்கியிருக்கிறார் வள்ளுவர் என்றால், நம் முன்னோர் அவையை எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பது விளங்கும். நம் மும்பைத் தமிழரும் இதில் குறைந்தவர்கள் அல்லர். கவியரங்கத்துக்கு அவை உண்டு, பட்டிமன்றத்துக்கு அவை உண்டு, கட்சிக் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். ஆனால் எழுத்துக்கு ஓர் அவை உண்டா? இலக்கியத்தைக் கேட்கவில்லை அன்பர்களே. அ, ஆ, க, ங என்று கண்ணுக்குத் தெரிகிறதே, அந்த உருவத்தைப் பற்றிப் பேச ஓர் அவை உண்டா என்று கேட்கிறேன்.

உண்டு. நம்ம ஊரிலேயே உண்டு. கடைப் பெயர்ப்பலகை, கல்யாணப் பத்திரிகை, மசாலா பாக்கெட்டின் மேலுறை, செய்தித்தாள் தலைப்பு, கைபேசியில் தெரியும் தமிழ் என்று எழுத்தையும் படத்தையும் ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் தொழிலுக்கு கிராஃபிக் டிசைன் என்று பெயர். தமிழில் வரைகலை என்கிறார்கள். அந்தத் தொழிலாளிகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடி, தாங்கள் செய்ததை மேடையேறி விளக்கிச் சொல்லும் கூட்டங்கள் வருஷந்தோறும் நடக்கின்றன. அந்தக் கூட்டங்கள் என்ன, அவற்றில் நடப்பது என்ன, லேபர் கேம்ப்பில் குடியிருக்கிற நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தை மாற்றியவர் யார்?

எழுத்து மாறாதது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பாறையில் வெட்டியபோது கோடாக இருந்த எழுத்து, ஓலையில் எழுத்தாணி ஓடத் தொடங்கியதும் வளைந்தது. அச்சு வந்ததும் சதுரத்துக்குள் அடங்கியது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைப் புள்ளியால் காட்டிய பழைய வழக்கம் போய், இப்போதுள்ள வடிவம் வந்ததற்கு 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரைக் காரணமாகச் சொல்வார்கள். பெரியார் 1935இல் தம் 'குடி அரசு' ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை அச்சிட்டே காட்டினார். எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளின் உருவம் மாறியது. யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய 'லை'யை எழுதிப் படித்த தலைமுறை நம்மில் இன்னும் இருக்கிறது.

அதாவது முன்னே ஒரு பாதிரியார், ஒரு பத்திரிகை, ஓர் அரசாணை. கம்ப்யூட்டர் வந்தபின் கதை மாறியது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடு, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு, 2000இல் மறுபடி சிங்கப்பூரில் நடந்த மாநாடு, அதையொட்டிப் பிறந்த 'உத்தமம்' அமைப்பு என்று வரிசையாகக் கூட்டங்கள் நடந்தன. இன்று நாம் தட்டுகிற 'தமிழ்99' விசைப்பலகை 1999 மாநாட்டின் விளைவு. எந்த விரலுக்கு எந்த எழுத்து என்பதைக்கூட ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து வாதாடித்தான் முடிவு செய்தார்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 2024 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'கணித்தமிழ்24' மாநாடும் இந்த வரிசையில் வருவதே.

ஆக, எழுத்தின் விதி இப்போது அவையில் எழுதப்படுகிறது. அவையில் இருப்பவன் வாய் திறக்கிறான். இல்லாதவன் வந்ததை வாங்கிக்கொள்கிறான். கடைக்காரன் பாஷையில் சொன்னால், மார்க்கெட்டுக்கு வராதவனுக்கு ரேட் பேச உரிமை இல்லை.

தமிழ் எழுத்தும் மும்பையும்

மும்பையில் வணிக ஓவியர்கள் 1948லேயே கில்டு ஒன்று அமைத்தார்கள். சி.ஏ.ஜி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 1969இல் பவாய் ஐ.ஐ.டி. வளாகத்தில் ஐ.டி.சி. என்ற வடிவமைப்புத் துறை தொடங்கிற்று. விளம்பரத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு அங்கே பேராசிரியராக வந்தவர் ஆர்.கே. ஜோஷி. மராட்டியர், கவிஞர், எழுத்தோவியர். மும்பையிலேயே வாழ்ந்து 2008இல் காலமானார்.

இவரை நாம் ஏன் அறிய வேண்டும்? விண்டோஸ் 2000 வந்தபோது அதோடு சேர்ந்து வந்த தமிழ் எழுத்துரு 'லதா'. ஆண்டுக்கணக்கில் உலகத் தமிழர் கம்ப்யூட்டரில் தமிழைப் பார்த்தது அந்த முகத்தில்தான். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜோஷி. இந்திக்கும் மராத்திக்கும் 'மங்கல்' கொடுத்ததும் அவர்தான். மும்பை மராட்டியர் ஒருவரின் மேற்பார்வையில் உருவான தமிழில் உலகத் தமிழன் கடிதம் எழுதினான்! அவருடைய பெயர் நம் சங்க மேடையில் ஒரு தரமாவது சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தவர் நம்மவர். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்ற ரூபாய் குறியை வரைந்த உதயகுமார் தர்மலிங்கம் தமிழர், அதே பவாய் ஐ.டி.சி.யில் படித்தவர். போட்டிக்கு வந்தவை 3,000க்கும் மேல். தேவநாகரி ர-வையும் ரோமன் ஆர் எழுத்தையும் இணைத்து அவர் வரைந்ததைப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் அவருடைய ஆராய்ச்சியே தமிழ் எழுத்துருவியலைப் பற்றியது என்பதையும், 'பராசக்தி' என்ற தமிழ் எழுத்துருவை அவர் வடிவமைத்ததையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் அந்தக் குறிக்குப் பதிலாக 'ரூ' என்று போட்டபோது நாடே சத்தம் போட்டது. ஒரே ஓர் எழுத்தின் உருவத்தில் எவ்வளவு மானமும் அரசியலும் அடங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவதாக, மும்பையில் இயங்கும் 'ஏக் டைப்' குழு. பல இந்திய மொழிகளுக்கும் ஒரே குடும்பமாக எழுத்துரு செய்து இலவசமாகவே கொடுத்தார்கள். அதில் தமிழுக்கு வந்தவை 'பலூ தம்பி', 'முக்தா மலர்'. தமிழைச் செய்தவர் ஆதர்ஷ் ராஜன். தாராவியில் பிளெக்ஸ் அடிக்கிற பையன்கள் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய எழுத்துகள் இவை.

அந்த அவையில் என்ன நடக்கும்?

ஐ.டி.சி. முன்னின்று 2008இல் தொடங்கிய கூட்டத்துக்கு 'டைப்போகிராஃபி டே' என்று பெயர். சுருக்கமாக டைப்போடே. நாள் என்று பெயர் இருந்தாலும் மூன்று நாள் நடக்கும். ஊர் ஊராகவும் போகும். அகமதாபாத், புனே, பெங்களூர் என்று சுற்றி, 2017இல் இலங்கை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கும் போனது. 2018 மார்ச் 1 முதல் 3 வரை நம் சர் ஜே.ஜே. அப்ளைடு ஆர்ட் கல்லூரியில் நடந்தது. சயானில் ஸ்லோ லோக்கல் ஏறி வி.டி.யில் இறங்கினால் நடக்கிற தூரம்.

முதல் நாள் பட்டறை. தூரிகை, மூங்கில் பேனா, மை எல்லாம் வைத்துக்கொண்டு ஆசிரியர் முன்னே எழுத, பத்திருபது பேர் பார்த்து எழுதுவார்கள். அடுத்த இரண்டு நாள் சொற்பொழிவு. அதிலும் இரண்டு வகை. ஒன்று, பெரியவர்களை அழைத்துப் பேச வைப்பது. மற்றொன்று, கட்டுரை வாசிப்பது. கட்டுரையை மாதக்கணக்கில் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். தேர்வாளர்கள் படித்துத் தேர்ந்தால்தான் மேடை. கூடவே சுவரொட்டிப் போட்டியும் காட்சியும் உண்டு. பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். டிகிரி இருக்கா என்று யாரும் விசாரிப்பதில்லை.

எல்லாக் கூட்டமும் இப்படி என்று சொல்ல முடியாது. 2006 முதல் 'கியூரியஸ்' நிறுவனம் நடத்திவந்த 'டிசைன் யாத்ரா' போன்றவை பெரிய செலவில் நடக்கிற விழாக்கள். டிக்கெட் விலை நம் சிறு கடைக்காரர் தாங்கக்கூடியது அல்ல. ஆனால் கல்லூரி வளாகத்தில் நடக்கும் பொதுச் சொற்பொழிவுகள் பல இலவசம். ஐ.டி.சி. நடத்தும் 'டிசோர்ஸ்' என்ற இணையக் கல்விக் களஞ்சியத்தில் பாடங்களும் விளக்கப் படங்களும் கிடைக்கின்றன. வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

கேட்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் சமண மரபில் வந்த பவணந்தி முனிவர் நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை வகைப்படுத்துகிறார். அன்னமும் பசுவும் போன்றவர் தலை மாணாக்கர், மண்ணும் கிளியும் போன்றவர் இடை, ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர் கடை. நெய்யரி என்பது நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பிடித்துவைக்கும் சல்லடை. டிசைன் சொற்பொழிவுக்குப் போகிறவர்களிலும் நெய்யரிகள் உண்டு. படங்கள் ஓடிய அழகை மட்டும் பேசிவிட்டு, ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற காரணத்தை விட்டுவிடுவார்கள். அந்தக் காரணமே நெய்.

நம் தெருப் பலகைக்கு இதனால் என்ன லாபம்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். மகாராஷ்டிர அரசு 2022இல் சட்டத்தைத் திருத்தி, சின்னக் கடை பெரிய கடை எல்லாவற்றுக்கும் மராத்திப் பலகை கட்டாயம், மற்ற மொழி எழுத்தைவிட தேவநாகரி சிறியதாக இருக்கக்கூடாது என்றது. 2023 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் வியாபாரிகளுக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்தது. இருக்கிற மண்ணின் மொழிக்கு முதலிடம் கொடுப்பது நியாயமே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சட்டம் தமிழை எடுக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் 90 அடி ரோட்டில் நடந்து பாருங்கள். அவசரத்தில் மாற்றிய பலகைகளில் தமிழ் மூலைக்குப் போனது, அல்லது ஒரேயடியாகக் காணாமற்போனது. காரணம் பகை அல்ல. மூன்று எழுத்தை ஒரே பலகையில் எப்படி உட்கார வைப்பது என்று தெரியாமை.

தேவநாகரி தலைக்கோட்டில் தொங்குகிற எழுத்து. தமிழுக்குத் தலைக்கோடு இல்லை. அது அகலத்தில் விரியும். 'ஸ்டோர்ஸ்' என்று தமிழில் எழுத ஆங்கிலத்தைவிட நீளம் பிடிக்கும். கம்ப்யூட்டரில் மூன்றுக்கும் ஒரே அளவு எண் கொடுத்தால் மூன்றும் ஒரே அளவாகத் தெரியாது. பிளெக்ஸ் கடைப் பையன் என்ன செய்கிறான்? இடம் போதவில்லை என்று தமிழ் வரியை இரண்டு பக்கமும் பிடித்து நசுக்குகிறான். அப்படி நசுக்கினால் நிற்கும் கோடு மெலிகிறது, படுக்கும் கோடு அப்படியே தடியாக நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்து நோயாளி மாதிரி தெரியும். பழைய பெயிண்டர் இப்படிச் செய்யவே மாட்டார். இடம் குறுகினால் எழுத்தையே குறுக்கி வரைவார், கோட்டின் தடிப்பை மாற்ற மாட்டார். இதைத்தான் டிசைன் மேடையில் படம் போட்டு விளக்குகிறார்கள்.

இன்னொன்று, ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும் பலகை. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடில் க முதலிலும் கொம்பு பின்னாலும்தான் பதிவாகிறது. அதை முன்னே கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்தத் திறமை இல்லாத மென்பொருளில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஸ்டேஷனில், விமான நிலையத்தில், அரசு விளம்பரத்தில் இப்படி உடைந்த தமிழைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம். காரணம் தெரிந்தவன் இரண்டு நிமிஷத்தில் சரி செய்வான்.

நாம் கொடுக்க வேண்டியதும் உண்டு

கேட்பது மட்டும் நம் வேலை அல்ல. வியாபாரிகளிடம் ஒரு சரக்கு இருக்கிறது. பழைய பேரேட்டில் பற்று, வரவு, மேற்படி, ரூபாய், நாள், மாதம், வருஷம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போடுவோம். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. இவை 2003இல் யூனிகோடில் ஏறின. 2019இல் இன்னும் 51 குறிகள், பின்னங்களும் அளவைகளும், தமிழ்ப் பிற்சேர்க்கையாகச் சேர்ந்தன. எண் கிடைத்துவிட்டது. ஆனால் கை எங்கே தொடங்கி எங்கே முடிக்கும், எங்கே அழுத்தும், எங்கே இழுக்கும் என்பதை அந்தக் கணக்கை எழுதியவன்தான் சொல்ல முடியும். எழுத்துரு செய்யும் இளைஞர்களுக்கு அந்தக் கை கிடைப்பதில்லை. எங்கள் தலைமுறையோடு அந்தக் கை போய்விடும்.

வியாபாரிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. மதுரை அழகர்மலைக் குகையில், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் சமண முனிவர்க்கு உதவியவர்களின் பெயர்களைத் தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறார்கள். அதில் உப்பு வணிகன் இருக்கிறான், கொழு வணிகன் இருக்கிறான், துணி விற்ற அறுவை வணிகன் இருக்கிறான். தமிழ் எழுத்தின் மிகப் பழைய சாட்சிகளில் கடைக்காரனின் கையெழுத்தும் உண்டு! சமண ஆகமங்களில் வரும் பதினெட்டு லிபிகளின் பட்டியலில் 'தமிளி'யும் ஒன்று. ஆதிபகவன் ரிஷபதேவர் தம் மகள் பிராமிக்கு எழுத்தைக் கற்பித்தார் என்பது எங்கள் ஐதீகம். தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சபைக்கு சமவசரணம் என்று பெயர். அங்கே அவரவர்க்கு அவரவர் மொழியில் விளங்கும் என்பார்கள். அவை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

லேபர் கேம்ப்பில் ஓர் அவை

நம் இடத்துக்கு அவை புதிதல்ல. அண்ணாபாவ் சாட்டே வாழ்ந்த இடம் இந்த மாட்டுங்கா லேபர் கேம்ப். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து அவர் தொடங்கிய லால் பாவ்டா கலாபதக் தொழிலாளர் நடுவே நின்று பாடிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் மக்களும் திராவிட இயக்கக் கூட்டங்களை இந்தச் சந்துகளில்தான் நடத்தினார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி துணியில் நீலம் கரைத்து பேனர் எழுதியவர்கள் யார்? எந்தக் கல்லூரியிலும் படிக்காத நம் பெயிண்டர்கள். பேச்சாளர் பெயர் நினைவிருக்கிறது, பேனர் எழுதியவர் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.

வெளியே இருந்து வந்தவர்கள் இந்தக் குறையை உணர்ந்தார்கள். 2015இல் 'சினேகா' தொண்டு நிறுவனம் தாராவி பினாலே என்ற கலைவிழாவை நடத்திற்று. 2016 பிப்ரவரியில் ஸ்பெயின் கலைஞர் ஹோர்ஹே மானியெஸ் ரூபியோவும் அமண்டா பினாதியும் சேர்ந்து 'டிசைன் மியூசியம் தாராவி' என்ற சக்கரம் வைத்த சின்ன மியூசியத்தைத் தெருவில் தள்ளிக்கொண்டு வந்து, நம் மக்கள் செய்த பொருள்களை அதில் வைத்துக் காட்டினார்கள். டெல்லியில் ஹனீஃப் குரேஷி என்பவர் தெருப் பெயிண்டர்களின் எழுத்தை வாங்கி, அந்தந்தப் பெயிண்டர் பெயரிலேயே கம்ப்யூட்டர் எழுத்துருவாக மாற்றினார். அவர் 2024இல் மறைந்தார். வந்தவர்கள் செய்துவிட்டுப் போனார்கள். நாம் என்ன செய்தோம்?

காலம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. சந்து போனால் சுவர் போகும், சுவர் போனால் எழுத்து போகும். வீட்டுக்கு வீடு கிடைக்கலாம். எனாமல் பெயிண்டில் எழுதிய பலகைக்கு யாரும் நஷ்டஈடு தரப்போவதில்லை.

ஆகவே என் யோசனை இது. சங்கத்தின் ஆண்டு நிகழ்ச்சிகளில் ஒரு மாலைப் பொழுதை எழுத்துக்கு ஒதுக்குவோம். நாலு பேரை மேடையில் உட்கார வைப்போம்: பலகை எழுதிய பழைய பெயிண்டர் ஒருவர், அச்சுக் கோத்த கம்பாசிட்டர் ஒருவர், இன்று பிளெக்ஸ் அடிக்கும் பையன் ஒருவன், ஜே.ஜே.யிலோ ஐ.டி.சி.யிலோ படிக்கும் மாணவர் ஒருவர். மராட்டிய எழுத்தோவியர் ஒருவரையும் அழைத்தால் இன்னும் சிறப்பு. மூன்று எழுத்தும் ஒரு பலகையில் எப்படி மரியாதையாக உட்காரும் என்பதைச் சேர்ந்தே பேசலாம். பெயிண்டர் பேச வேண்டியதில்லை, எழுதிக் காட்டினால் போதும். அதற்கு முன்னே இளைஞரணியினர் கைபேசியை எடுத்துக்கொண்டு கிராஸ் ரோடு, 90 அடி ரோடு, கேம்ப் சந்துகள் எல்லாம் சுற்றி, மிச்சம் இருக்கும் தமிழ்ப் பலகைகளைப் படம் எடுக்கட்டும். எந்தச் சந்து, எந்த வருஷம், எழுதியவர் யார் என்று குறித்து வைக்கட்டும். பேரேடு வைத்திருக்கும் வியாபாரிகள் அதைக் கொண்டுவரட்டும். ஆகிற செலவு டீயும் வடாபாவும் மைக் செட்டும்தான்.

பெரிய மாநாடு எதுவும் முதலில் பெரிதாகத் தொடங்கவில்லை. எங்கள் சமணர் வீடுகளில் சுருத பஞ்சமியன்று ஓலைச்சுவடியையும் நூலையும் வைத்து வணங்குவோம். எழுத்தை வணங்கினால் போதாது, அதை வரைந்த கையையும் விசாரிக்க வேண்டும். அதற்கு முதல் படியாக ஒன்று சொல்கிறேன். அடுத்த ஆண்டு மலரின் அட்டைத் தலைப்பை நம் கேம்ப் பெயிண்டர் ஒருவரைக் கொண்டு கையால் எழுதச் செய்து, உள்பக்கத்தில் ஆசிரியர் குழுவின் பெயர்களோடு அவருடைய பெயரையும் அச்சிடுவோம்.